பொய்கொட் என்றொரு வினைச்சொல்



சொற்களின் வரலாறு பற்றிய இப்பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் தமிழ்ச் சொல்லன்று. அது ஓர் ஆங்கில வினைச்சொல். தமிழாசிரியன் ஒருவனுக்கு ஆங்கில வினைச்சொல்லோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலையை எனக்குத் தந்தவர்கள் என் மாணவர்கள்.

பதினோராந் தர வகுப்பிலே பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசித்துச் சுருக்கம் எழுதும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. செய்தியிலே ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்ற சொல் வந்தது. முன்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், பகிஷ்கரிப்பு எண்டது தமிழோ?” என்றான். வடசொல் என்றேன். “அப்ப தமிழிலை என்னெண்டு சொல்லுறது?” என்றான். புறக்கணிப்பு என்றேன். பின்வாங்கிலிருந்து இன்னொருவன், “ரண்டும் ஒண்டெண்டால் ஏன் சேர் ரண்டு சொல்லு? இங்கிலீசிலை பொய்கொட் எண்டு ஒண்டுதானே இருக்குது” என்றான். அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் விடவில்லை. “பொய்கொட் எண்டது இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் விளையாடின ஆளல்லோ சேர்? அப்பா அவரைப் பற்றிக் கதைக்கிறவர்” என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது. பாடம் முடிந்தது.

வீட்டுக்கு வந்த பின்னர்தான் அந்தக் கேள்விகளின் கனம் எனக்குத் தெரிந்தது. பகிஷ்கரிப்பும் புறக்கணிப்பும் ஒன்றா? ஆளின் பெயர் எப்படி வினையானது? இவற்றுக்கு விடை தேடிப் போனவன், என் சொந்தப் பள்ளிக்கூடக் காலத்து நிகழ்ச்சி ஒன்றிலே வந்து முட்டிக்கொண்டேன். அதனை இறுதியிலே சொல்கிறேன். முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம்.

பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த நாளும் பிறந்த ஊரும் தெரிவதில்லை. ‘வா’ என்ற வினையை முதன்முதலாகச் சொன்ன வாய் எது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ‘பொய்கொட்’ என்ற வினைக்குப் பிறந்த ஆண்டும் ஊரும் உண்டு. ஆண்டு 1880. ஊர், அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்திலே மாஸ்க் ஏரிக்கரையை அண்டிய கிராமப்புறம்.

அக்கால அயர்லாந்தின் நிலையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். உழுதவன் கையிலே நிலம் இல்லை. நிலம் பிரபுக்களுடையது. பிரபுக்கள் பலர் வேறிடங்களிலே வாழ்ந்தார்கள். குடியானவனிடம் வாரம் அறவிடவும், கொடாதவனை எழுப்பவும் அவர்களுக்கு முகவர்கள் இருந்தார்கள். 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே பத்து இலட்சம் பேரளவில் மாண்ட நினைவு இன்னும் ஆறாத காலம். 1879இல் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே மைக்கல் டேவிற் என்பவரின் முயற்சியால் நிலச் சங்கம் தோன்றியது. சார்ள்ஸ் ஸ்ருவேட் பார்னெல் அதன் தலைவரானார்.

மாஸ்க் ஏரிக்கரையிலே ஏர்ண் பிரபுவின் நிலங்களுக்கு முகவராயிருந்தவர் சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட். 1832இல் இங்கிலாந்தின் நோர்ஃபோக்கிலே பிறந்தவர். சிறிது காலம் படையிலே இருந்தவர். ஊரார் அவரைக் ‘கப்டன்’ என்றே அழைத்தார்கள். இன்னொரு சிறு செய்தியும் உண்டு. அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் ‘பொய்கற்’ என்றிருந்தது. அவருடைய சிறுவயதிலேதான் குடும்பத்தார் ஓர் எழுத்தை மாற்றிப் ‘பொய்கொட்’ என்று வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்து மாறாதிருந்தால் இன்று உலகத்து அகராதிகளிலே வேறொரு சொல் இருந்திருக்கும்.

1880 செப்டெம்பரிலே குடியானவர்கள் வாரத்தை நூற்றுக்கு 25 வீதம் குறைக்கும்படி கேட்டார்கள். பிரபு இணங்கவில்லை. பொய்கொட் பதினொரு குடும்பங்களை எழுப்புவதற்கு அறிவித்தல் கொடுக்கச் செய்தார். பொலிஸ் காவலோடு அறிவித்தல் கொண்டுவந்தவரை ஊர்ப் பெண்கள் சேற்றாலும் சாணத்தாலும் எறிந்து திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் நடந்ததுதான் புதுமை. எவரும் அவரை அடிக்கவில்லை. எவரும் அவருடைய வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. எல்லாரும் விலகிக்கொண்டார்கள். வயலிலே வேலை செய்தவர்கள் போனார்கள். வீட்டுப் பணியாட்கள் போனார்கள். உடுப்புத் தோய்ப்பவள் வரவில்லை. கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தான். கடைக்காரர் சாமான் விற்கவில்லை. தபால் கொண்டுபோன சிறுவனும் மிரட்டப்பட்டு நின்றுவிட்டான். ஒக்டோபர் மாதத்திலே இந்த முறைப்பாடுகளையெல்லாம் வரிசையாக எழுதி இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினார் பொய்கொட். அந்தக் கடிதமே அவர் பெயரை இங்கிலாந்து முழுவதற்கும் அறிவித்தது.

வயலிலே கிழங்கும் தானியமும் நின்றன. அறுவடை செய்ய ஆளில்லை. நவம்பரிலே வடக்கே கவன், மொனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது தொண்டர்கள் வந்தார்கள். அந்த ஐம்பது பேரைக் காப்பதற்கு ஆயிரம் பேரளவில் படையினரும் பொலிசாரும் வந்தார்கள். இரண்டு வாரம் மழையிலும் சேற்றிலும் அறுவடை நடந்தது. விளைச்சலின் பெறுமதி ஏறக்குறைய 500 பவுண். அதனை எடுப்பதற்கு ஆன செலவு 10,000 பவுணுக்குக் குறையாது. அறுவடை முடிந்து பொய்கொட் குடும்பத்தார் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது, வாடகைக்கு வண்டி இருந்தது, ஓட்டுவதற்கு ஊரில் ஒருவரும் இல்லை. படையினரின் நோயாளர் வண்டியிலே ஏறிப் போனார்கள். டிசம்பர் முதலாந் திகதி அவர் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறினார். 1897இல் இங்கிலாந்திலே காலமானார்.

இனி, சொல் பிறந்த கதை. அப்பகுதிப் பங்குத் தந்தை ஜோன் ஓமலி அடிகளார் குடியானவர் பக்கம் நின்றவர். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெட்பாத் அவரோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது, இந்தப் புதிய போராட்ட முறைக்கு என்ன பெயர் வைப்பது என்று தாம் திண்டாடியதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலே ‘ஒஸ்றசைஸ்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய ஏதென்ஸ் நகரத்திலே, ஆபத்தானவன் என்று கருதப்பட்ட ஒருவனின் பெயரை மட்பாண்ட ஓட்டுத்துண்டிலே கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்த வாக்கெடுப்பிலே அகப்பட்டவன் பத்து ஆண்டுகள் நகரத்தை விட்டு நீங்கவேண்டும். ‘ஒஸ்றகொன்’ என்றால் ஓடு. ஆனால் இந்தக் கிரேக்கச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்று றெட்பாத் சொல்ல, அது பொருந்தாது என்று அடிகளாரும் ஒத்துக்கொண்டார். சற்று யோசித்துவிட்டு, அந்த முகவரின் பெயரையே வினையாக்கினால் என்ன என்று கேட்டாராம். அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரிலே இலண்டன் ‘ரைம்ஸ்’ அதனை வினையாகவே ஆண்டது. சிறிது காலத்திலே தலையெழுத்துப் பெரிய எழுத்தாக இருக்கும் சிறப்பையும் இழந்து, மற்றச் சொற்களைப் போலச் சின்ன எழுத்திலே எழுதப்படலாயிற்று. பிரெஞ்சு, ஜேர்மன், டச்சு, ஸ்பானிய, ருஷிய மொழிகளும் தத்தம் விகுதிகளை ஒட்டி அதே சொல்லை எடுத்துக்கொண்டன.

இங்கே நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் இலக்கணச் செய்தி ஒன்று உண்டு. ஆட்பெயரிலிருந்து வினை பிறப்பது ஆங்கிலத்திலே அரிதன்று. பாலைப் பதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறையை லூயி பாஸ்ரர் கண்டார். அவர் பெயரிலே ஒரு வினை உண்டு. மெஸ்மர் என்ற வைத்தியர் ஆட்களை மயக்க நிலைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரிலும் ஒரு வினை உண்டு. பௌட்லர் என்பவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலே தமக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்டிப் பதிப்பித்தார். அவர் பெயரும் வினையாயிற்று. இவர்கள் அனைவரும் செய்தவர்கள். அவ்வவ் வினைக்கு எழுவாய்கள். பொய்கொட் அப்படியல்ல. அவர் பகிஷ்கரிக்கவில்லை. அவர் பகிஷ்கரிக்கப்பட்டார். செய்தவர்களான குடியானவர்கள் பெயர் தெரியாமல் மறைந்தார்கள். செயப்படுபொருளாக நின்றவரின் பெயரே வினையாயிற்று. இந்த வினையின் உயிர் அதன் செயப்படுபொருளிலே இருக்கிறது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, வழக்கினைப் பார்ப்போம். இந்த வினையை நாம் கண்டபடி ஆள முடியாது. நான் ஒரு கடையிலே சாமான் வாங்குவதை நிறுத்தினால் அது தவிர்த்தல். அரசாங்கம் ஒரு பொருளை விற்கக்கூடாது என்றால் அது தடை. மழை காரணமாக மாணவர் வகுப்புக்கு வராவிட்டால் அது வராமை. பலர் கூடி, வெளிப்படையாக அறிவித்து, தமக்கு வழமையாயிருந்த ஓர் உறவை, ஒரு கோரிக்கையை முன்னிட்டு நிறுத்திக்கொண்டால் மாத்திரமே இந்த வினை பொருந்தும். கூட்டம், அறிவிப்பு, கோரிக்கை ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை விசேடமாக வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை இருந்தால் அது நிறைவேறும் நாளிலே பகிஷ்கரிப்பும் முடியும். கதவு சாத்தப்பட்டிருக்கிறது, பூட்டப்படவில்லை. கோரிக்கை இல்லாவிட்டால் அதற்கு முடிவும் இல்லை.

இப்பொழுது தமிழுக்கு வருவோம். ‘பஹிஸ்’ என்ற வடசொல்லுக்குப் புறத்தே என்று பொருள். ‘பஹிஷ்காரம்’ என்றால் வெளியே ஆக்குதல், வெளியேற்றுதல். சாதியிலிருந்து, சமூகத்திலிருந்து ஒருவனை வெளியே தள்ளுவதற்கு இந்தியாவிலே நெடுங்காலமாக வழங்கிய சொல் அது. 1905ஆம் ஆண்டு வங்காளப் பிரிவினையை எதிர்த்து, ஓகஸ்ற் 7ஆந் திகதி கல்கத்தா நகர மண்டபக் கூட்டத்திலே அந்நியப் பொருள்களைக் கைவிடுவதென்று தீர்மானித்தார்கள். அந்தச் சுதேசிய அலையிலே, ஐரிஷ் குடியானவரின் வினைக்கு நிகராகப் பழைய வடசொல் இந்திய மொழிகள் பலவற்றிலே புதுப்பொருள் பெற்றது. அந்த அலை நம் கரைக்கும் வந்தது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பற் கொம்பனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியது. அந்நியக் கப்பலை விலக்கியதோடு நில்லாமல், ஏறுவதற்குச் சொந்தக் கப்பலையும் மிதக்கவிட்டது அவருடைய பெருமை.

சிங்கள மொழியிலே இதற்கு ‘வர்ஜனய’ என்பார்கள். விலக்கல் என்று பொருள். வேலைநிறுத்தத்தையும் அவர்கள் ‘வெட வர்ஜனய’ என்கிறார்கள். இலங்கைத் தமிழிலும் அதற்கு இணையாகப் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்கிறோம். தமிழகத்திலே வேலைநிறுத்தம் என்று சொல்லும் இடத்திலே நாம் இதனையே பெரும்பாலும் ஆள்கிறோம். ஓமலி அடிகளார் படித்தவர் சொல்லைத் தள்ளிப் பாமரர் வாய்க்கு ஏற்ற சொல்லை எடுத்தார். நாம் படித்தவர் சொல்லை எடுத்தோம். ஆயினும் இன்று பேருந்து நிலையத்திலே நிற்கும் எவரும் அதனை இடறாமல் சொல்கிறார்கள். சொல் கடினமானதா எளியதா என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை, தேவை தீர்மானிக்கிறது.

பகிஷ்கரிப்பும் புறக்கணிப்பும் ஒன்றா என்ற மாணவனுக்கு இப்பொழுது விடை சொல்லலாம். முழுவதும் ஒன்றல்ல. புறக்கணிப்பிலே பொருட்படுத்தாமை என்ற கருத்தும் உண்டு. ஒருவரைப் பாராதவர்போல் போனாலும் புறக்கணிப்புத்தான். அதற்குக் கூட்டமும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். பகிஷ்கரிப்பவரோ எதிராளியை மிகவும் பொருட்படுத்துகிறார். அவரிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்தே விலகி நிற்கிறார்.

நம் நாட்டிலே இந்த வினை பெரிய எழுத்திலே எழுதப்பட்ட ஆண்டு 1931. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி சர்வசன வாக்குரிமையோடு சட்டசபைத் தேர்தல் வந்தது. அந்த அரசியலமைப்பு முழுமையான சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதனைப் பகிஷ்கரிக்க அழைத்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய அமைப்பு அது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அதுவே. ஹன்டி பேரின்பநாயகம் முதலான ஆசிரியர்கள் அதன் முன்னணியிலே நின்றார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. சுதந்திர வேட்கையின் உச்சம் என்று அதனைப் போற்றுவோர் உண்டு. சபையிலே வடக்கின் குரல் மூன்று ஆண்டுகள் ஒலிக்காமற் போயிற்று என்று வருந்துவோரும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஒன்றை மாத்திரம் சொல்வேன். அங்கே செயப்படுபொருளாக நின்றது ஒரு தேர்தல், ஓர் அரசியலமைப்பு. அதே இளைஞர்கள் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்றும் போராடினார்கள். ஆசனத்தை வெறுமையாக விடவும் தெரிந்தவர்கள், ஆசனம் இல்லாதவனை இருத்தவும் தெரிந்தவர்கள்.

இந்தச் சம ஆசனத்தை நினைக்கும்போதுதான் பகிஷ்காரம் என்ற சொல்லின் பழைய பொருள் தலைகாட்டுகிறது. டாக்டர் அம்பேத்கர் 1924இலே தொடங்கிய சபையின் பெயர் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா’. வெளியே தள்ளப்பட்டோரின் நலம் நாடும் சபை என்பது பொருள். 1927இலே அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘பகிஷ்கிருத பாரத்’. 1930ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்திலே காங்கிரஸ் இயக்கம் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கிறது. உலகம் வியக்கிறது. வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரோ, பகிஷ்கரிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவேண்டும் என்று கேட்கிறார். பர்மாவிலே 1922இலே ஆக்கப்பட்ட சட்டம் ஒன்று அவருக்கு முன்மாதிரி. ஏன் கேட்டார்? கிணற்றிலே தண்ணீர் கேட்ட தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கு ஊரே கூடி வேலை கொடாமல், சாமான் விற்காமல், வழி விடாமல் செய்ததை அவர் அறிந்திருந்தார். மாஸ்க் ஏரிக்கரையிலே பொய்கொட்டுக்கு நடந்ததே அந்தக் குடும்பத்துக்கும் நடந்தது. கருவி ஒன்று. ஆனால் பொய்கொட்டுக்கு ஆயிரம் காவலர் வந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒருவரும் வரவில்லை.

அயர்லாந்திலுங்கூடக் கதை நான் முதலிலே சொன்னதுபோல நேரானதன்று. அறுவடைக்கு முன்னர், 1880 செப்டெம்பர் 19ஆந் திகதி, எனிஸ் நகரத்திலே பார்னெல் பேசினார். எழுப்பப்பட்டவனின் நிலத்தை இன்னொருவன் எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். சுடவேண்டும் என்று குரல் எழுந்தது. அதைவிட நல்ல, கிறிஸ்தவ நெறிக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு என்றார் பார்னெல். தெருவிலும், கடையிலும், சந்தையிலும், கோயிலிலும் அவனை விட்டு விலகுங்கள், முற்காலத்துத் தொழுநோயாளனை விலக்கியதுபோல விலக்குங்கள் என்றார். தவறியவனுக்குத் திருந்த இடம் கிடைக்கும் என்பது அவர் சொன்ன நியாயம். துப்பாக்கிக்குப் பதிலாக அவர் கொடுத்த கருவி இது என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆனால் அந்தப் பேச்சிலே குறிவைக்கப்பட்டவன் பிரபு அல்லன். முகவர்கூட அல்லன். துண்டு நிலத்துக்கு ஆசைப்பட்ட இன்னொரு குடியானவன். பக்கத்து வீட்டுக்காரன்.

மாணவன் கேட்ட கிரிக்கெட் வீரரையும் விட்டுவிடக்கூடாது. ஜெஃப்ரி பொய்கொட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு சம்பந்தமில்லை. ஆனால் வரலாறு சில வேளைகளில் வேடிக்கை செய்கிறது. நிறவெறி காரணமாகத் தென்னாபிரிக்காவோடு விளையாடுவதில்லை என்று கிரிக்கெட் உலகம் விலகி நின்ற காலம். 1982இலே அங்கு போய் விளையாடிய இங்கிலாந்து வீரர்களில் ஜெஃப்ரி பொய்கொட்டும் ஒருவர். பகிஷ்கரிப்பை ஒரு பொய்கொட்டே முறித்தார். அவர்களுக்கு மூன்று ஆண்டுத் தடை. அதே ஆண்டு பிற்பகுதியிலே இலங்கையிலிருந்து ஓர் அணி போயிற்று. அவர்களுக்கு இங்கே விதிக்கப்பட்டது இருபத்தைந்து ஆண்டுத் தடை.

இனி, இறுதியிலே சொல்கிறேன் என்ற கதை.

நான் உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவில் படித்த காலம். எங்களுக்கு அளவையியல் படிப்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் இரண்டு தவணை ஆகியும் வேறொருவர் வரவில்லை. கேட்டும் பார்த்தோம், எழுதியும் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பைப் பகிஷ்கரிப்பதென்று தீர்மானித்தோம். முப்பத்தொரு பேரில் முப்பது பேர் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலே நின்றோம். ஒருவன் மாத்திரம் உள்ளே போனான். பாடசாலையிலே மணி அடிக்கும், படலை திறக்கும் சிற்றூழியரின் மகன் அவன். அன்று எங்களுக்குப் படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றவர் அவனுடைய தகப்பன்தான்.

நான்கு கிழமைக்குள் ஆசிரியர் வந்துவிட்டார். கோரிக்கை நிறைவேறியது. பகிஷ்கரிப்பு முடிந்தது. ஆனால் மற்றொன்று அன்றுதான் தொடங்கியது. உள்ளே போனவனோடு எவரும் கதைப்பதில்லை என்றாயிற்று. அதனை ஒருவரும் அறிவிக்கவில்லை. தீர்மானமும் இல்லை. அவன் இருந்த வாங்கிலே நான் இருந்தேன். எழும்பி வேறு வாங்குக்குப் போனேன். குறிப்புக் கொப்பி கேட்டான். வீட்டிலே விட்டுவிட்டேன் என்றேன். கொப்பி என் பையிலே இருந்தது. மைதானத்திலே ஆள் குறைந்தாலும் அவனைக் கூப்பிடவில்லை. இடைவேளையிலே அவன் தகப்பனுக்குப் பக்கத்திலே, மணி தொங்கும் தூணடியிலே போய் நிற்பான். தகப்பன் எங்களைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த தவணை அவன் வரவில்லை. பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அவன் ஏன் உள்ளே போனான் என்று நாங்கள் கேட்கவேயில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தகப்பனின் வேலை அந்தப் படலையிலே தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தோம். புதிதாக வந்த ஆசிரியரிடம் அளவையியலும் படித்தோம். எடுகோளிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று ஒழுங்காகவே படித்தோம்.

நேயர்களே, இரண்டும் ஒரே வினைதான். முதலாவதிலே நாங்கள் பலமில்லாத பக்கம். எங்களிடம் கோரிக்கை இருந்தது. அது நிறைவேறியதும் திரும்பிப் போனோம். இரண்டாவதிலே முப்பது பேர் ஒருவனுக்கு எதிராக நின்றோம். அவனிடம் நாங்கள் கேட்டது ஒன்றுமில்லை. ஆகவே அவன் எதைக் கொடுத்து மீண்டு வந்திருக்க முடியும்? பார்னெல் சொன்ன திருந்தும் இடத்தைக்கூட நாங்கள் அவனுக்கு வைக்கவில்லை. அதற்குப் பகிஷ்கரிப்பு என்ற நல்ல பெயர் பொருந்தாது. நம் ஊர்களிலே அதற்கு ஒதுக்கிவைத்தல், தள்ளிவைத்தல் என்ற பழைய பெயர்கள் உண்டு. பழைய பெயர்களே பொருத்தம்.

தமிழிலக்கணத்திலே ஒரு விதி உண்டு. இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ அஃறிணைப் பெயரோடு வரும்போது மறைந்தும் நிற்கலாம். ‘தண்ணீர் குடித்தான்’, ‘துணி வாங்கினான்’ என்றால் பிழையில்லை. உயர்திணைப் பெயரோடு அப்படி மறைய விடமுடியாது. ‘முருகனைக் கண்டான்’ என்றுதான் சொல்லவேண்டும். ‘முருகன் கண்டான்’ என்றால் பொருளே வேறாகிவிடும். செயப்படுபொருள் மனிதனாயிருந்தால் அதனை வெளிப்படையாகக் காட்டு என்கிறது மொழி. வாங்காமல் விட்ட துணிக்கு வலிப்பதில்லை. வெறுமையாகக் கிடந்த ஆசனம் அழுவதில்லை. மனிதனை விலக்கும்போது மாத்திரம் அந்த ‘ஐ’ உருபின் முன்னே சற்று நின்று, இவன் யார், இவனிடம் நாம் கேட்பது என்ன, அதைக் கொடுத்தால் இவனைத் திரும்ப அழைப்போமா என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மறுநாள் பதினோராந் தர வகுப்பிலே கப்டன் பொய்கொட்டின் கதையைச் சொன்னேன். கிழங்கு கிண்டப் படை வந்த இடத்திலே நன்றாகச் சிரித்தார்கள். அதன் பின்னர் வேப்பமரத்தடிக் கதையையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. முதற் கேள்வியைக் கேட்ட அதே மாணவன் எழுந்து, “சேர், பிறகு அவரோடை கதைச்சீங்களோ?” என்றான்.

இல்லை என்றேன். எந்த ஊரிலே இருக்கிறானோ, இந்த வானொலியைக் கேட்கிறானோ தெரியாது. கேட்டால், அந்தக் குறிப்புக் கொப்பி அன்று என் பையிலேதான் இருந்தது என்பதை அவன் அறிந்துகொள்ளட்டும்.